ஏழாம் குழு அத்தை

தங்கபுஷ்பம் ஊர் சுத்துற ஆளு. அதை அவளே சொல்லிக்கிடுவா, ஒளிவுமறைவு கிடையாது. பாவூர்சத்திரம் மார்க்கெட்டுல சாக்கு தைக்கிற வேலை அவளுக்கு. பல்லாரி வெங்காயமோ தேங்காயோ, மூட்டை வாய் அடையணும்னா அவ கோணி ஊசி வந்தாகணும். மார்க்கெட் லீவு நாள்ல காலையிலயே குளிச்சு, தலையில ஒரு துண்டு பூ வச்சு, பஸ் ஸ்டாண்டுல வந்து நிப்பா. எந்த பஸ்ல சன்னல் சீட்டு காலியோ, அந்த பஸ் போற ஊர்தான் அன்னைக்கு அவளுக்கு ஊர். பிடிச்ச எடத்துல எறங்குவா. பிடிக்கலைன்னா அடுத்த வண்டி. புருசன் ஆவுடைநாயகம் கூட வரமாட்டாரு. அவருக்கு பஸ் ஒத்துக்காது, ஆலங்குளம் தாண்டுறதுக்குள்ள வாந்தி எடுத்துருவாரு. "நீ போய்ட்டு வாட்டி, நான் கட்டில்ல கெடக்கேன்"ம்பாரு. தங்கமான மனுசன்.

செங்கோட்டை, ஆரியங்காவு, ராஜபாளையம், திருச்செந்தூர்னு அவ கால் படாத ஊர் இல்ல. தண்ணி மேல மட்டும் போனதில்ல. மார்க்கெட்டுல குனிஞ்சு தைக்கையில குற்றாலத்து மலை அவ முதுகுப் பக்கம் இருக்கும். நிமிந்து திரும்பிப் பாக்கதுக்குள்ள "ஏ தங்கம், இங்கன வா", "புஷ்பம், இந்த மூட்டைய முடி", "யக்கா, சணல் எங்க"ன்னு நாலு பக்கமும் கூப்பாடு. நாள் பூரா யாராவது கூப்பிட்டுக்கிட்டேதான் இருப்பான். ஒரு தரமாவது ஒரு படகுல ஒத்தையா உக்காந்து, ஒரு பய கூப்பிடாம, மேகம் எறங்குற மலைய அரை மணி நேரம் கண்ணாரப் பாக்கணும். அவ்வளவுதான் அவ ஆசை. பெரிய ஆசைன்னு சொல்ல முடியாது.

ஆடி மாசச் சாரல்ல ஒரு லீவு நாள், குற்றாலம் பஸ்ல சன்னல் சீட்டு கெடச்சுது. குற்றாலத்துக்குக் கொஞ்சம் முன்னால ஒரு குளக்கரையில பெரிய போர்டு. 'மேற்குமலை குடும்பப் படகு உலாக் கழகம். வாருங்கள், மகிழுங்கள், வரிசையில் நில்லுங்கள்.' பஸ்ஸ நிறுத்தச் சொல்லி எறங்கிட்டா.

டிக்கெட் கூண்டுக்குள்ள கம்ப்யூட்டர் முன்னால அபர்ணான்னு ஒரு பிள்ளை உக்காந்திருந்தா.

"ஒரு டிக்கெட் குடும்மா."

"கூட யாருக்கா?"

"யாருமில்ல. நான்தான்."

அபர்ணா எக்கி அவளுக்குப் பின்னால பாத்தா. பின்னால ஒரு நாய் படுத்திருந்தது.

"ஒத்தையாவா வந்திருக்கிய?"

"பஸ்ல அம்பது பேரோடதான் வந்தேன். இங்கன எறங்குனது நான் மட்டுந்தான்."

"தப்பா நெனைக்காதிய. வீட்டுல எதும் சண்டையா? லாட்ஜுல ஒத்தை ஆளுக்கு ரூம் குடுக்க மாட்டாங்கல்லா, அது மாதிரிதான் இங்கனயும். தண்ணி பாருங்க, பயமா இருக்கும்."

"சண்டை போட்டுட்டு வாரவ பூ வச்சுக்கிட்டா வருவா?"

அது நியாயமாத்தான் பட்டுது அபர்ணாவுக்கு. ஆனா கம்ப்யூட்டருக்குப் படணுமே. குடும்பத் தலைவர் யாருன்னு கேட்டுது அது. நான்தான்னு சொன்னதும், தலைவருக்கு நீங்கள் என்ன உறவுன்னு அடுத்து கேட்டுது. "எனக்கு நானே உறவுன்னு போடும்மா"ன்னா தங்கபுஷ்பம். பிள்ளை நல்ல பிள்ளை, மேலயும் கீழயும் உருட்டித் தேடிப் பாத்தா. மனைவி இருந்தது, மகள் இருந்தது, நாத்தனார், கொழுந்தியாள், ஒண்ணுவிட்ட சித்தி, சம்பந்தியம்மாள் வரைக்கும் இருந்தது. 'நான்' மட்டும் இல்ல.

"இருங்க, சாரக் கூப்பிடுதேன்."

சார்னா கழகத்தோட தலைமை நெறியாளர் சிவனணைந்தபெருமாள். சபாரி சட்டை, சட்டையில பேட்ஜ், கழுத்துல விசில். அவரு சாதாரணமாப் பேசி யாரும் கேட்டதில்ல. வீட்டுல சட்னிக்கு உப்பு கம்மின்னாக்கூட 'கவனத்துக்குக் கொண்டுவரப்படுகிறது'ன்னுதான் சொல்லுவாராம்.

"அம்மையீர், கழக விதி மூன்று. நீரின் மேல் தனிமை தடை செய்யப்பட்டுள்ளது. நாங்கள் இங்கே படகை ஓட்டவில்லை. பண்பாட்டை ஓட்டுகிறோம்."

"அப்ப படகை யாரு ஓட்டுதா?"

"அதற்குச் சுடலைமணி என்று ஒருவர் இருக்கிறார்."

பக்கத்து பெஞ்சுல வீரகேரளம்புதூர்ல இருந்து வந்த ஒரு புருசன் பொஞ்சாதி ஒரு மணி நேரமா உக்காந்திருந்தாக. மகாராஜா, ஸ்ரீதேவி. கல்யாணமாகி ரெண்டு வருசம். அவுகளுக்கும் டிக்கெட் கெடைக்கல. ஏன்னா விதி நான்கு. மூணு பேர் இருந்தாத்தான் குடும்பம். ரெண்டு பேர்னா ஜோடி. ஜோடிக்கு மிதிபடகு மட்டுந்தான், அதுக்கும் அசல் கல்யாணப் பத்திரிகை காட்டணும். குற்றாலத்துக்குக் குளிக்க வாரவன் எவன் இடுப்புல பத்திரிகைய சொருகிட்டு வருவான்? அதனால அஞ்சு மிதிபடகும் கட்டுன கயிறு அவுக்காம, இலைச் சருகு ரொம்பிப்போய், கரையில கெடந்தது.

நெறியாளர் அந்த ரெண்டு பேரையும் பாத்தாரு, இவளையும் பாத்தாரு. முகம் பிரகாசமாச்சு.

"தீர்வு கிட்டியது. அம்மையீர், இனி நீங்கள் இவர்களுக்கு அத்தை."

அபர்ணா தட்டுனா, கம்ப்யூட்டர் மூணு டிக்கெட்டத் துப்புச்சு. தங்கபுஷ்பம் கழுத்துல ஒரு அட்டைய மாட்டிவிட்டாக. 'குழு 7. அத்தை.'

ஸ்ரீதேவி எந்திரிச்சிட்டா. "யாருக்கு அத்தை? அவருக்கு அத்தைன்னா அவுக அப்பாகூடப் பொறந்தவுக. எனக்கு அத்தைன்னா மாமியா. ரெண்டுல எதுன்னு சொல்லுங்க."

"கழகத்தைப் பொறுத்தவரை பொதுவான அத்தை."

"ஒரு மாமியாவ வீட்டுல விட்டுட்டு நாலு மணி நேரம் மூச்சு விடலாம்னு வந்தேன். இங்கன டிக்கெட்டோட இன்னொண்ணு தாராங்க."

"பயப்படாத தாயி, நான் வாயே தொறக்கமாட்டேன்"ன்னு தங்கபுஷ்பம் சமாதானம் சொன்னா. அவளுக்கு இதெல்லாம் ஒரு பொருட்டே இல்ல. பஸ்ல பக்கத்து சீட்டுக்காரன் தோள்ல தூங்கி விழுந்தாக்கூட எழுப்பமாட்டா. அட்டையில என்ன எழுதினா என்ன, படகு போனாச் சரி.

படகு லேசுல போயிருமா? அதுக்கு முன்னால தகரக் கொட்டகையில முக்கால் மணி நேரம் அறிவுரை வகுப்பு. லைஃப் ஜாக்கெட்டை மாட்டிவிட்டு வேர்க்க வேர்க்க உக்கார வச்சாக. நெறியாளர் தண்ணியோட தன்மை, படகோட தத்துவம், கழகத்தோட தோற்றமும் வளர்ச்சியும்னு மூணு தலைப்புல பேசுனாரு. முடிவுல எல்லாரும் வலது கைய நீட்டி உறுதிமொழி எடுக்கணும்.

"படகில் எழ மாட்டேன். தண்ணீரைத் தொட மாட்டேன். சொல்லப்படும் திசையை மட்டுமே பார்ப்பேன். மகிழ்ச்சி ஏற்பட்டால் கையை உயர்த்தித் தெரிவிப்பேன்."

தங்கபுஷ்பம் நீட்டுன கைய அப்படியே ஒசத்துனா. நெறியாளருக்குச் சந்தோசம். "பாருங்கள், இப்போதே மகிழ்ச்சி."

"அது இல்ல சார், ஒரு சந்தேகம். மலையப் பாக்கலாம்லா?"

"மலை நிகழ்ச்சி நிரலில் நான்காவதாக உள்ளது."

"அது எப்பவும் அங்கனதான நிக்குது?"

"நிற்கலாம். அதைப் பார்க்கும் நேரத்தை நாங்கள் அறிவிப்போம்."

ஒருவழியா படகுல ஏத்துனாக. பன்னெண்டு பேர், கூரை போட்ட மோட்டார் படகு. ஓட்டுறது சுடலைமணி, தலை நரைச்ச ஆளு. முன்னால மைக்கோட நின்னது வழிகாட்டி விஜய்பாண்டி, நெறியாளர் சொல்லிக்குடுத்தத ஒரு எழுத்து பிசகாம ஒப்பிக்கிற பையன். எல்லா சீட்டும் கரையப் பாத்துத்தான் இருந்தது. படகு நகந்துது.

"முதலாவதாக, கழகக் கட்டடம். பாருங்கள்." பாத்தாக. "இரண்டாவதாக, கழகத்தின் அடிக்கல்." பாத்தாக. "மூன்றாவதாக, நவீனக் கழிப்பறை வளாகம்." அதையும் பாத்தாக. ஒருத்தரு கைகூட ஒசத்துனாரு, ஆனா அவருக்கு அவசரம், மகிழ்ச்சி இல்ல. ஆறு நிமிசம் ஆயிருக்கும். அடுத்தது மலைதான். தங்கபுஷ்பம் சேலையச் சரி பண்ணிக்கிட்டு உக்காந்தா.

அப்பப் பாத்து நாலு துளி விழுந்துது.

குற்றாலத்துப் பக்கம் பொறந்தவனுக்குச் சாரல் எது, மழை எதுன்னு தோலே சொல்லிரும். கழகத்துக்குத் தோல் கெடையாது, சுற்றறிக்கைதான் உண்டு. சாரல் எனில் படகு செல்லலாம். மழை எனில் திரும்ப வேண்டும். தூறல் எனில் நின்ற இடத்தில் நின்று உத்தரவு பெற வேண்டும். விஜய்பாண்டி மோட்டார நிறுத்தச் சொல்லிட்டு வயர்லெஸ எடுத்தான்.

"ஐயா, துளி விழுது."

"சாரலா, தூறலா?" நெறியாளர் குரல் கரையில ஆபீஸ் ரூமுக்குள்ள இருந்து வந்துது.

"தெரியலைங்கய்யா."

"முகத்தில் விழுகிறதா, தலையில் விழுகிறதா?"

"தலையில தொப்பி போட்டிருக்கேங்கய்யா."

சுடலைமணி பொறுக்க மாட்டாம, "சாரல்தான் சார், இருவது வருசமா நனையுதேன், எனக்குத் தெரியாதா"ன்னாரு.

"படகோட்டிக்கு வானிலை அதிகாரம் வழங்கப்படவில்லை. மேலிடத்தைக் கேட்டுச் சொல்கிறேன். அதுவரை அப்படியே நிற்கவும்."

நின்னாக. மேலிடம் சாப்பிடப் போயிருந்தது. பன்னெண்டு பேரும் ஆடாம அசையாம நவீனக் கழிப்பறை வளாகத்தையே பாத்துக்கிட்டிருந்தாக. மலை முதுகுக்குப் பின்னால இருந்தது. மார்க்கெட்டுலயும் முதுகுக்குப் பின்னால, இங்கனயும் முதுகுக்குப் பின்னால. தங்கபுஷ்பம் மெல்லக் கழுத்தத் திருப்புனா. விஜய்பாண்டி விசில ஊதுனான்.

"ஏழாம் குழு அத்தை, முன்னால் பார்க்கவும்."

சும்மா உக்கார வச்சா குடும்பத்துல சண்டை வராம என்ன செய்யும்? "எங்க அம்மாவும் வந்திருந்தா இந்த அட்டை அத்தையே தேவைப்பட்டிருக்காது"ன்னு மகாராஜா வாய விட்டான். ஸ்ரீதேவி பிடிச்சுக்கிட்டா. "வந்திருந்தா நான் இந்தத் தண்ணியிலயே குதிச்சிருப்பேன்." "எங்கம்மா என்னட்டி செஞ்சா ஒன்ன?" "என்ன செய்யல?" குளம் பூராக் கேட்டுது.

"அத்தை, நீங்களே சொல்லுங்க, நான் கேட்டது தப்பா?"ன்னு மகாராஜா இவ பக்கம் திரும்புனான். "அவுக எப்படிச் சொல்லுவாக, அவுக ஒங்க அத்தைல்லா"ன்னு ஸ்ரீதேவி கண்ணத் தொடச்சா. அட்டை மாட்டி ரெண்டு மணி நேரம் ஆகல, அதுக்குள்ள ரெண்டு பக்கமும் இடி. விஜய்பாண்டி ஒரு தாள நீட்டுனான். 'என் குடும்பத்தாரின் சச்சரவுக்கு நானே பொறுப்பு' அப்படின்னு அச்சடிச்சிருந்தது. கீழ 'அத்தை அல்லது அதற்கு இணையானவர் கையொப்பம்.'

இங்கனதான் தங்கபுஷ்பத்துக்குச் சுருக்குன்னுச்சு.

"தம்பி, நான் சாக்கு தைக்கவ. உள்ள என்ன இருக்குன்னு தெரியாத மூட்டைக்கு எவளும் கையெழுத்துப் போடமாட்டா. எடுத்துட்டுப் போ."

"கழக விதி பதினொண்ணு..."

"எடுத்துட்டுப் போன்னேன்லா."

அவன் எடுத்துட்டுப் போயிட்டான். அந்தக் கழகத்துல ஒரு தாள் கையெழுத்தில்லாமத் திரும்பிப் போனது அதுதான் முதல் தடவை.

கடைசியில மேலிடம் சாப்பிட்டு முடிச்சு, அது சாரல்தான்னு உத்தரவு குடுத்துது. அப்ப சாரலும் நின்னுபோச்சு, டிக்கெட்டுல போட்ட அரை மணி நேரமும் முடிஞ்சுபோச்சு. "நான்காவது நிகழ்ச்சியான மலை, நேரமின்மையால் ரத்து செய்யப்படுகிறது. மலையின் புகைப்படம் அலுவலகச் சுவரில் உள்ளது"ன்னு விஜய்பாண்டி அறிவிச்சான். படகு கரைக்கு வந்துட்டு.

தங்கபுஷ்பம் நேரா நெறியாளர்கிட்டப் போனா. "சார், டிக்கெட்டுல அரை மணி நேரம்னு போட்டிருக்கு. ஆறு நிமிசம் படகு ஓடிச்சு, மிச்ச நேரமெல்லாம் ஒங்க கக்கூஸப் பாத்துக்கிட்டு இருந்தேன். ஒரு தரம் என்ன ஒத்தையாச் சுத்திட்டு வர விடுங்க. நான் யாரையும் தொந்தரவு பண்ணமாட்டேன்."

நெறியாளருக்கு முதல் தடவையா குரல் எறங்குச்சு. கோவமில்ல, உருக்கம்.

"அம்மையீர், மனம்விட்டுச் சொல்கிறேன். தனியாக வந்த ஒருவர் மகிழ்ச்சியாக இருப்பதைக் குடும்பமாக வந்தவர்கள் பார்த்தால் என்ன ஆகும்? ஏன் நமக்கு இப்படி இல்லை என்று யோசிப்பார்கள். யோசித்தால் அடுத்த ஆண்டு வருவார்களா? நானே பதினேழு பேர் உள்ள வீட்டில் பிறந்து வளர்ந்து மணமுடித்தவன். இன்று வரை ஒரு தேநீரை முழுதாகத் தனியாகக் குடித்ததில்லை. நான் யாரிடமாவது குறை சொன்னேனா? இல்லை. இந்தப் பணிக்கு விண்ணப்பித்தேன்."

தங்கபுஷ்பத்துக்கு ஒரு நிமிசம் அந்த மனுசனப் பாத்து எரக்கமாத்தான் இருந்தது. அப்புறம் கோவம் வந்துட்டு.

"நீங்க டீ குடிக்காததுக்கு நான் ஏன் சார் மலையப் பாக்கக் கூடாது?"

அவ கழுத்துல கெடந்த அட்டையக் கழத்தி ஸ்ரீதேவி கையில குடுத்தா. "இந்தா தாயி, ஒன் மாமியாவ நீயே வச்சுக்க." ஸ்ரீதேவி அன்னைக்கு மொதத் தடவையாச் சிரிச்சா. அட்டை கையில இருந்ததால, மூணாவது ஆள் எங்கன்னு கேட்டு வாசல்ல அவுகளத் தடுக்கல. அங்கன எண்ணுறது அட்டையத்தான், ஆள இல்ல.

தங்கபுஷ்பம் மிதிபடகு கெடந்த பக்கம் நடந்தா. சுடலைமணி அங்கன பீடி பத்தவச்சுக்கிட்டு நின்னாரு.

"அண்ணாச்சி, இதுல ஒண்ண அவுத்து விடுங்க."

"நான் அவுத்தா வேலை போயிரும் தாயி." பீடிய ஒரு இழுப்பு இழுத்தாரு. "ஆனா ஓரத்துல கெடக்குல்லா மஞ்சப் படகு, அதோட முடிச்சு சரியில்லன்னு போன மாசமே எழுதிக் குடுத்திருக்கேன். நடவடிக்கை எடுக்கல." சொல்லிட்டு அந்தப் பக்கமாத் திரும்பிக்கிட்டாரு.

ஒரு நாளைக்கு நானூறு முடிச்சு போடுற கை. ரெண்டு விரல்ல உருவிட்டா. சருகத் தள்ளிவிட்டு, லைஃப் ஜாக்கெட்ட இறுக்கிக் கட்டிக்கிட்டு, ஏறி உக்காந்து மிதிச்சா. ரெண்டு பேர் மிதிக்கிற படகு ஒரு பக்கம் சாஞ்சுது, கொஞ்ச தூரம் வட்டமடிச்சுது. அவளுக்கு அவசரமில்ல. பழகுனதும் ஒழுங்காப் போச்சு.

கரையில தீப்பிடிச்ச மாதிரி ஆயிட்டு. "தனிநபர், தனிநபர்"னு விசிலுக்கு மேல விசில். நெறியாளர் மீட்புப் படக எடுக்கச் சொன்னாரு. சுடலைமணி போய் ஏறிட்டாரு. அபர்ணா கூண்டுக்குள்ள இருந்து தலைய நீட்டுனா.

"சார், மீட்புப் படகுலயும் ஒத்தை ஆள் போகக் கூடாதுன்னு வருது."

"விஜய்பாண்டியும் செல்லட்டும்."

"ரெண்டு பேர்னா ஜோடின்னு வருது சார். பத்திரிகை கேக்குது."

விஜய்பாண்டி ஒரு அடி தள்ளி நின்னுக்கிட்டான். நெறியாளர் பல்லக் கடிச்சாரு. "சரி, நானும் செல்கிறேன். மூவர். பதிவு செய்."

அபர்ணா தட்டுனா. "குடும்பத் தலைவர் நீங்க சார். சுடலைமணி அண்ணாச்சி ஒங்களுக்கு என்ன முறை வேணும்?"

நெறியாளர் சட்டையில இருந்த பேட்ஜச் சரி பண்ணுனாரு.

"மச்சான்னு போடட்டா சார்? இல்ல மாமாவா?"

"பணியாளர் என்று ஏதேனும் கட்டம் இருக்கிறதா?"

"இல்ல சார். உறவு மட்டும் போதும்னு நீங்கதான அந்தக் கட்டத்த எடுக்கச் சொன்னிய."

சுடலைமணி படகுல இருந்தபடிக்கே சொன்னாரு. "எனக்கு ஒரு குறையும் இல்ல சார். நீங்க என்ன முறை வச்சாலும் சரி. முறை வச்சுட்டா ஒரு நாள் வீட்டுக்கு வந்து ஒரு வாய் சோறு சாப்பிடணும், அம்புட்டுத்தான்."

நெறியாளர் இந்தப் பக்கம் பாத்தாரு, அந்தப் பக்கம் பாத்தாரு. முன்னப்பின்ன தெரியாத பொம்பளைய ரெண்டு நிமிசத்துல அத்தையாக்கின மனுசனுக்கு, இருவது வருசமாக் கூட வேலை பாக்குறவன மச்சான்னு சொல்ல வாய் வரல. கம்ப்யூட்டர் கட்டத்துல உறவை எழுதச் சொல்லி ஒரு கோடு மினுக்கு மினுக்குன்னு மினுக்கிக்கிட்டே இருந்தது. சுடலைமணி கொஞ்ச நேரம் காத்துப் பாத்தாரு. அப்புறம் மோட்டார அணைச்சுட்டு அடுத்த பீடிய எடுத்தாரு.

நடுக்குளத்துல தங்கபுஷ்பம் மிதிக்கிறத நிறுத்தியிருந்தா. படகு தானாத் திரும்பி மலையப் பாத்து நின்னுது. மேகம் மெள்ள மெள்ள எறங்கி மலையோட தோள மூடிக்கிட்டு வந்தது. மறுபடியும் சாரல் விழ ஆரம்பிச்சுது. அவ ஒரு கைய வெளிய விட்டு, தண்ணிக்குள்ள அளைஞ்சுக்கிட்டு உக்காந்திருந்தா.

வேற வழி தெரியாம நெறியாளர் விஜய்பாண்டிகிட்ட மைக்க வாங்கிட்டுத் தண்ணி ஓரத்துக்கு ஓடுனாரு. கரை அதிரக் கத்துனாரு.

"அத்தை, உடனடியாகத் திரும்பவும். அத்தை, உங்களைத்தான். அத்தை அவர்கள் உடனே திரும்பிப் பார்க்கவும்."

கரையில வரிசையில நின்ன அத்தைமாரு அத்தனை பேரும் திரும்பிப் பாத்தாக. தண்ணி மேல இருந்தவ மலையத்தான் பாத்துக்கிட்டிருந்தா.